பீட்ரூட் சாப்பிட்டவர்கள்

பீட்ரூட்டை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது அவள்தான். ஆகவே யார் மீதாவது பழி போடுவதென்றால் அவள் மீதுதான் போட வேண்டும். அவளும் பிற்பாடு அப்படித்தான் தன்னைத் திட்டிக்கொண்டாள். ஹோட்டல் சலவைக்கூடத்தில் பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவள், தம்பியின் தோட்டத்தில் விளைந்தது என்று இலையும் தண்டுமாக ஒரு பை நிறையக் கொடுத்தாள். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

கணவருக்குப் பீட்ரூட் என்றாலே ஆகாது. மண்ணுக்குச் சாயம் போட்டு விற்கிறார்கள் என்பார். பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிற மெக்கானிக் அவர். பகல் முழுக்க பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து கிரீஸும் தூசியும் தின்கிற மனிதர், வீட்டுக்கு வந்து ஒரு கிழங்கில் மண்வாசனை அடிக்கிறது என்று முகம் சுளிப்பது அவளுக்கு வேடிக்கையாக இருக்கும். அன்று சாயங்காலம் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நாலைந்து கிழங்குகளைத் தோலோடு சுட்டு, உரித்து, உப்பும் மிளகும் தூவித் தட்டில் வைத்தாள். மரியாதைக்கு இரண்டு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "பரவாயில்லை, செத்துட மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலை அவருக்குப் பின்னால் அவள் கழிவறைக்குப் போனபோது, தண்ணீர் முழுதாக அடித்துக்கொண்டு போகாமல் விட்டிருந்தது. பீங்கானில் சிவப்பு. கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து அவரைக் கேட்டாள். பல் துலக்கிக்கொண்டிருந்தவர், வாயிலிருந்து நுரையைத் துப்பக்கூட இல்லை.

"பீட்ரூட்மா. நேத்து நீதானே கொடுத்த. அது அப்படித்தான் வரும்."

கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது. பீட்ரூட் சாப்பிட்டே பழக்கமில்லாத மனிதருக்கு இந்த விவரம் எப்படித் தெரியும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனாலும் அவள் அவரைச் சும்மா விடவில்லை. வேலைக்குப் போகிற வழியில் இருக்கும் சின்ன கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த நர்ஸம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பீட்ரூட் அப்படிப் பண்ணும்தான். பாதிப் பேர் பயந்துபோய் வருவாங்க. ஆனா ஒண்ணு பண்ணுங்க. ஒரு வாரம் அதைத் தொடாதீங்க. அப்பவும் சிவப்பு தெரிஞ்சா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, தள்ளிப் போடாதீங்க. இவர் வயசுக்கு அது விளையாட்டு இல்லை."

வெளியே வந்ததும் இருவரும் சிரித்தார்கள். உன் சமையலுக்கு ஒரு நர்ஸம்மா சாட்சி வேண்டியிருக்கிறது என்று அவர் கேலி செய்தார். அவளுக்கும் மனம் இலேசாகிவிட்டது. ஒரு வாரம்தானே, கண்ணை மூடித் திறந்தால் போய்விடும் என்று நினைத்தாள்.

அந்த ஒரு வாரம் தொடங்கவே இல்லை. அடுத்த நாள் காலை சாப்பாட்டு டப்பாவோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அந்த பீட்ரூட் மிச்சம் இருக்கில்ல? அதையே போட்டுக் கொடு."

"நர்ஸம்மா நிறுத்தச் சொன்னாங்களேங்க."

"இருக்கறதை என்ன பண்றது, குப்பையில கொட்டறதா? தீரட்டும். அப்புறம் நிறுத்திக்கலாம். ரத்தத்துக்கு நல்லதுன்னு வேற சொல்றாங்க."

இந்த இடத்தில் அவள் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அசட்டுத்தனம் என்று யாரும் சொல்லலாம், ஆனால் அவள் அசடு இல்லை. பயந்தவள். நிறுத்தினால் தெரிந்துவிடும். நிறுத்தாத வரைக்கும் அது பீட்ரூட். அவருடைய அண்ணன் வயிற்றுவலி என்று தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குள் போனவர். கீறிப் பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பினார்கள், தையல் ஆறுவதற்குள் ஆளே இல்லை. அன்றிலிருந்து இவர் ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் நடக்கக்கூட மாட்டார், எதிர்ச் சாரிக்கு மாறிவிடுவார். அவளுக்கும் அந்தக் கட்டிடத்தைப் பார்த்தால் கை சில்லென்று ஆகும்.

அப்படித்தான் அந்த வீட்டில் தினமும் பீட்ரூட் ஆயிற்று. பை தீர்ந்தது, அவளே கடையில் வாங்கினாள். ஒரே மாதிரி கொடுத்தால் அலுத்துவிடும் என்று விதவிதமாகச் செய்து பார்த்தாள். ஒருநாள் துருவி வதக்கினாள், ஒருநாள் வேகவைத்து ஆறவிட்டுத் தயிரில் போட்டாள், இன்னொரு நாள் பச்சையாகவே சீவி எலுமிச்சை பிழிந்தாள். இலையைக்கூட விடவில்லை. சாயங்காலம் டப்பா வழித்துத் துடைத்தது போலத் திரும்பி வரும். "இன்னைக்கு அமர்க்களம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலை அவர் இப்படிப் புகழ்ந்தது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாக்குக்கு விடுமுறை என்று வேண்டாம் என்றுவிடுவார். மற்ற நாட்களில் இரவுச் சாப்பாடு பாதிதான் இறங்கும். மத்தியானம் பீட்ரூட்டை ஒரு பிடி பிடித்துவிட்டேன், வயிறு திம்மென்று இருக்கிறது என்பார்.

காலையில் சிவப்பும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் கவனமாகத் தண்ணீர் ஊற்றினாலும் சில நாள் ஒரு கீற்று தங்கிவிடும். பீட்ரூட் என்று சொல்லிக்கொள்வாள். அவளும் அதே பீட்ரூட்டைத்தான் சாப்பிட்டாள், அவளுக்கு இத்தனை சிவப்பு வந்ததில்லை. உடம்புக்கு உடம்பு மாறும் என்று அதற்கும் ஒரு பதிலை அவளே வைத்திருந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், கறை விஷயத்தில் அவளை யாராலும் ஏமாற்ற முடியாது. சலவைக்கூடத்தில் அவள் வேலையே அதுதான். அறைகளிலிருந்து வருகிற விரிப்புகளையும் துண்டுகளையும் மேசையில் பரப்பி, எது தேநீர், எது முகப்பூச்சு, எது ரத்தம் என்று பிரித்துப் போடுவாள். எதற்கு எந்தத் தண்ணீர் என்று அவள் சொன்ன பிறகுதான் இயந்திரத்துக்குள் போகும். வீட்டில் அவர் கேலியாகக் கூப்பிடுவதே 'கறைக்காரம்மா' என்றுதான். பழச்சாறோ பீட்ரூட்டோ பட்ட துணியை இழுத்துப் பிடித்துக் கொதிக்கிற தண்ணீரை மேலே ஊற்றினால் சாயம் கரைந்து ஓடும். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் வெந்து, பழுப்பாகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

ஒருநாள் அவருடைய உள்ளாடையில் ஒரு கறையைப் பார்த்தாள். அவரே துவைத்துக் குளியலறைக் கொடியில் உலர்த்தியிருந்தார். தன் துணியைத் தானே துவைக்கிற பழக்கம் அவருக்கு எப்போது வந்தது என்று யோசித்தபடி எடுத்துப் பார்த்தபோது, ஓரத்தில் சரியாகப் போகாமல் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மங்கலாக இருந்தது. சமையலறைக்குக் கொண்டுபோய் வாளியின் வாயில் இழுத்துப் பிடித்தாள். அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ஊற்றினாள்.

ஓடவில்லை. அவள் கண்முன்னால் பழுப்பாக மாறிற்று.

அவள் அந்தத் துணியைச் சுருட்டிப் பழைய பேப்பரில் பொதிந்து குப்பையில் போட்டாள். மூலமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். நாள் முழுக்கக் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் கிடக்கிறவருக்கு மூலம் வராமல் வேறு யாருக்கு வரும். அவரிடம் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். முகம் வெளுத்துப் போவார். அவருடைய அண்ணன் நினைவு வரும், தூக்கம் போகும், சாப்பாடு போகும். இப்போது பாவம், பீட்ரூட் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். இன்னும் நாலு நாள் அந்த நிம்மதியில் இருந்துவிட்டுப் போகட்டும், நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தாள். அப்படி ஒரு செய்தியைச் சொல்வதற்கு எந்த நேரம் நல்ல நேரமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. மறுநாள் காலையும் பீட்ரூட்தான் சமைத்தாள். முன்னைவிட ருசியாக.

அன்றிலிருந்து அவளுக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. அவர் பக்கமாகத் திரும்பிப் படுத்து மூச்சை எண்ணாத குறை. அவர் இடுப்பு வாரில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இளைச்சா நல்லதுதான், தொப்பை போச்சு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பின்னால் அவளுக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். போவதற்கு முன்னால் கழிவறையில் வெகுநேரம் இருந்தார். அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். அன்று கீற்று இல்லை, நன்றாகவே தெரிந்தது. அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்து, மறுநாளைக்கான பீட்ரூட்டைக் கழுவ ஆரம்பித்தாள். அப்போதுதான் வாசலில் மணி அடித்தது.

வெல்டர் வந்திருந்தான். பணிமனையில் அவரோடு வேலை செய்கிறவன். சின்ன வயதுக்காரன், அவரை வாய்க்கு வாய் அண்ணன் என்பான், இவளை அண்ணி என்பான். போன வாரம் இரவல் வாங்கிப்போன துளைபோடும் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், சமையலறை மேசைமேல் இருந்த கிழங்குகளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"நாளைக்கும் இதுதானா அண்ணி? நல்லவேளை, கேக்கணும்னே இருந்தேன். எங்க வீட்ல தலைகீழா நின்னு செஞ்சு பாக்கறா, உங்க பக்குவம் வர மாட்டேங்குது. அந்தச் சுட்டது எப்படிச் செய்யறீங்க?"

அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். "உங்களுக்கும் கொஞ்சம் கொடுக்கறாரா அவர்? பரவாயில்லையே."

"கொஞ்சமா? டப்பாவே எங்களுதுதான் அண்ணி. அண்ணன்தான் அதுல கைவைக்கறதே இல்லையே. முதல் நாளே திறந்து நடுவுல வச்சுட்டார். 'எனக்கு இந்த மண்ணு ஆகாது, நீங்க தின்னுங்கடா'ன்னார். இன்னைவரைக்கும் ஒரு துண்டு வாயில போட்டு நான் பாத்ததில்லை. நாங்கதான் அடிச்சுக்குவோம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, உளறிட்டேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிவச்சிருந்தார். வீட்ல ஆசையா செய்யறா, தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவான்னு. நான் சொன்னதா சொல்லிடாதீங்க அண்ணி."

"சொல்ல மாட்டேன் தம்பி."

"அப்ப அந்தச் சுட்டது?"

அவள் கையில் ஒரு கிழங்கு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"தோலைச் சீவிடாதீங்க. கீழ இருக்கற வாலையும் நறுக்காதீங்க, மேல தண்டு விரலளவு இருக்கட்டும். நறுக்கினா அது வழியா சாயம் எல்லாம் வடிஞ்சிடும்."

"அதான் விஷயமா. இவ சுத்தமா சீவிடறா."

"எண்ணெய் தடவி, அலுமினியத் தாள்ல சுத்தி, கனமான இரும்புச் சட்டியில வச்சு மூடிடணும். தீ சின்னதா இருக்கணும். பெரிசு பண்ணினா வெளியில கருகும், உள்ள வேகாது." முதல் நாளே என்றானே, நர்ஸம்மா சொன்னதற்கு அடுத்த நாள். "கத்தியை விட்டுப் பாருங்க, தடையில்லாம இறங்கினா வெந்தாச்சு. சூடு கொஞ்சம் தணிஞ்சதும் கட்டைவிரலால தள்ளினா தோல் தானா வந்துடும்." அப்படியென்றால் ஒரு மாதமாகப் பீட்ரூட்டே அவர் உடம்பில் இல்லை. "ரொம்ப ஆறவிட்டா ஒட்டிக்கும்." இன்று காலை அத்தனை சிவப்பும் பீட்ரூட் இல்லை, அது பீட்ரூட் இல்லை என்று அவருக்கும் தெரியும். முதல் வாரத்திலேயே தெரியும்.

"துருவி வதக்குவீங்களே, அது கொழகொழன்னு ஆகாம எப்படி அண்ணி வருது?"

"மூடி போடக் கூடாது. மூடினா தண்ணி விட்டுடும். சட்டி நல்லா காயணும், பூண்டைத் தட்டிப் போட்டுட்டு, துருவினதைப் போட்டுக் கிளறிக்கிட்டே இருக்கணும். உப்பு கடைசியில."

"தயிர்ல போடறது?"

"கிழங்கு முழுசா ஆறணும் தம்பி. சூட்டோட போட்டா தயிர் திரிஞ்சிடும்."

அவன் விரலை மடக்கி மனப்பாடம் செய்துகொண்டான். அவள் சிரித்த முகத்தோடு வாசல்வரை போய் வழியனுப்பினாள். கதவைச் சாத்தினாள். அங்கேயே செருப்பு வைக்கிற பலகைமேல் உட்கார்ந்தாள்.

ரத்தம் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அதில் புதிதாக அதிர ஒன்றுமில்லை. அவருக்கும் தெரியும் என்பதுதான் தலையில் இடி இறங்கினதுபோல இருந்தது. நர்ஸம்மா சொன்ன சோதனையை அந்த மனிதர் தன்னந்தனியாகச் செய்து பார்த்திருக்கிறார். விடை வந்த பிறகும் தினமும் காலையில் டப்பாவோடு வாசலில் நின்று பீட்ரூட் கேட்டிருக்கிறார். அமர்க்களம் என்று சொல்வதற்கு அந்த வெல்டர் பயல்களிடம் ருசி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவளுக்குக் கோபம் வந்தது. அவர் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது, அதே கையால் அவரைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது.

அவர் ரொட்டியோடு உள்ளே வந்தார். அவள் கீழே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்ன, தலை சுத்துதா?"

"உங்க வெல்டர் வந்திருந்தான். பீட்ரூட் எப்படிச் சுடறதுன்னு கேட்டான். சொல்லிக் கொடுத்தேன்."

அவர் ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஓட்டை வாய்ப் பய" என்றார்.

"எப்ப இருந்துங்க?"

"நீ முதல்ல பீட்ரூட் சமைச்சியே, அதுக்கு முன்னாடியே. ஒரு பத்துப் பதினஞ்சு நாளா இருந்துது. ஷெட்ல ஒருத்தன் வேற எதுக்கோ சொன்னான், பீட்ரூட் சாப்பிட்டா சிவப்பா வரும்னு. நீ அன்னைக்கு அந்தக் கிழங்கைத் தட்டுல வச்சப்ப, கடவுளே வச்ச மாதிரி இருந்துது எனக்கு."

"அப்புறமும் எதுக்குத் தினம் கேட்டீங்க?"

அவர் ரொட்டிப் பையின் முடிச்சைப் பிரித்தார், மறுபடியும் போட்டார். "அன்னைக்குக் கழிவறையிலேர்ந்து ஓடி வந்தியே, உன் முகத்தைப் பாத்தேன். அண்ணன் போனப்ப எங்க அண்ணி முகம் இருந்துச்சே, அந்த மாதிரி இருந்துது. பீட்ரூட்னு சொன்னதும் சரியாயிடுச்சு. அதையே தினம் சமைச்சிட்டிருந்தா நீ சந்தேகப்பட மாட்ட. எனக்கு வந்தது வந்துடுச்சு, நீயாவது கொஞ்ச நாள் நிம்மதியா தூங்குவியேன்னுதான்."

"நான் எங்கங்க தூங்கினேன்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க துணியில வெந்நீர் ஊத்திப் பாத்தேன். ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. என்னையா ஏமாத்தறீங்க, தினம் கறையோடயே கிடக்கறவளை?"

"தெரிஞ்சுமா சமைச்ச?"

"தெரிஞ்சுதான் சமைச்சேன். நீங்க நம்பிட்டு நிம்மதியா இருக்கீங்கன்னு நினைச்சேன். கெடுக்க மனசு வரலை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பாகத்தான் தொடங்கிற்று, தோள் குலுங்கிற்று, பிறகு அது சிரிப்பாக இல்லை. அத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவருடைய அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவர் அழவில்லை. அவள் தரையில் நகர்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பீட்ரூட் கழுவின ஈரம் அவள் கையில் இன்னும் இருந்தது.

"பயமா இருக்கும்மா" என்றார்.

"எனக்கும்தாங்க."

ஆளுக்கு ஒரு சொல். அதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை கிழங்கையும் வேகவைத்து, துருவி, சுட்டு, பக்கத்து ஆளுக்கெல்லாம் பந்தி வைத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதத்தை முழுசாகத் தொலைத்திருந்தார்கள். நர்ஸம்மா தள்ளிப் போடாதீர்கள் என்று சொன்ன மாதம் அது.

"கிளம்புங்க. விடுமுறை நாள்லயும் அங்க டாக்டர் இருப்பாங்க."

"நாளைக்குப் போலாமே. இன்னைக்கு ஒரு நாள்…"

"இன்னைக்கே."

அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். பெரிய ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம்தான். அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கட்டிடம் கண்ணில் பட்டதும் அவர் கால் பழக்கத்தில் எதிர்ச் சாரிப் பக்கம் திரும்பிற்று. அவள் பிடியைத் தளர்த்தவில்லை. வாசலில் போய் நின்றபோது, "எவ்வளவு நாளா இருக்குன்னு கேப்பாங்களே, என்ன சொல்றது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுங்க" என்றாள் அவள். "நான் பக்கத்துலயேதான் இருப்பேன். குறைச்சுச் சொன்னீங்கன்னா நான் சொல்லிடுவேன்."